பெற்ற நேரம், பத்து ஐம்பது

குளிருக்குள் வானொலிப் பெட்டியோடு போகிறவன் பேனாவை நம்பக்கூடாது. மை உறைந்துவிடும். பென்சில்தான் வேண்டும், அதுவும் இரண்டு. ஒன்று எப்படியும் பனிக்குள் விழும். அதைக் குனிந்து தேடுகிற நேரத்தில் மற்றப் பக்கத்தில் இருப்பவன் பாதிச் செய்தியை அடித்து முடித்துவிடுவான். மோர்ஸ் அடிக்கிற சாவியை வெறுங்கையால் தொட முடியாது, தோல் ஒட்டிக்கொள்ளும். தடித்த கையுறை போட்டால் அடிக்க முடியாது. அதனால் வலது கையுறையில் மூன்று விரல் நுனிகளை வெட்டிவிட்டு, அந்த மூன்றையும் குளிருக்குத் தின்னக் கொடுத்துவிட வேண்டும். ஸ்காபரோவில் இதை நான் ஐந்தாறு குளிர்காலம் செய்தேன். ஆசையில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தில் தொடங்கினேன், கோபத்திலேயே தொடர்ந்தேன்.

எண்பத்து மூன்றில் கனடாவுக்கு வந்து இறங்கினேன். ஊரில் நான் தந்திக்காரன், பன்னிரண்டு வருடம் மோர்ஸ் அடித்த கை. இங்கே அந்தக் கை ஒரு பக்டரியில் பிளாஸ்டிக் வாளிக்குக் கைபிடி மாட்டியது. மாட்டிய வாளிகளை எண்ணி முடிக்க முடியாத ஒரு நாளில், போய்ப் பரீட்சை எழுதி, பொழுதுபோக்குக்குத் தனியாள் செய்தி அடிக்கிற அமெச்சூர் வானொலி லைசென்ஸ் எடுத்தேன். பழைய பெட்டி ஒன்றை வாங்கி, எங்கள் பதினோராம் மாடிப் பல்கனியில் ஏரியல் கம்பி கட்டினேன். தன் தொலைக்காட்சியில் கோடு கோடாக விழுகிறது என்று கீழ் வீட்டுக்காரி புகார் சொன்னாள். நான் வருவதற்கு முன்பும் அவள் தொலைக்காட்சியில் கோடுதான். கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரின்டென்டென்ட் கேட்காமல் கொள்ளாமல் கம்பியை வெட்டி, சுருட்டி, என் கதவடியில் வைத்துவிட்டுப் போனான். சுருட்டிய விதத்தைப் பார்த்தேன், நன்றாகத்தான் சுருட்டியிருந்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டுக்குப் போகத் தொடங்கினேன். கோடையில் அங்கே இருக்கிற மரவாங்குகளில் இடம்பிடிக்கச் சண்டை. குளிர்காலத்தில் ஒரு பேய்கூட வராது, இடம் முழுக்க என்னுடையது. கார் பற்றரியைப் பிள்ளைகள் சறுக்குகிற பிளாஸ்டிக் சறுக்கில் வைத்து இழுத்துப் போவேன். கயிற்று நுனியில் ஒரு ஸ்பனரைக் கட்டி மரக்கிளைக்கு மேலால் எறிந்து, அந்தக் கயிற்றோடு கம்பியை மேலே இழுப்பேன். ஸ்பனர் ஒருதரம் கிளையைத் தாண்டாமல் திரும்பி வந்து என் தோளில் இறங்கியது. பெட்டியைக் கம்பளியால் சுற்றி, கம்பளிக்கு மேல் தார்ப்பாயைப் போர்த்தி, நானும் உள்ளே தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஏரிக் காற்று மனிதருக்கு என்று அடிப்பதில்லை. மூக்கு மயிர் விறைக்கும். கண்ணீர் கன்னத்திலேயே கட்டியாகும். வீட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரி மேட்டில் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடும். காய்ந்த பனி கம்பியில் வந்து மோதும்போது காதுக்குள் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கோ மெல்லியதாக மோர்ஸ் கேட்கும். அதைப் பொறுக்கி எடுப்பதுதான் வேலை. நாயோடு நடக்க வந்த ஒருவன் என்னைப் பார்த்து, உன் நாட்டுக்கா பேசுகிறாய், அங்கேயே இருந்திருக்கலாமே என்றான். நான் தலையை வெளியே எடுக்கவில்லை. இரண்டு பொலிஸ்காரர் ஒருமுறை வந்து, கம்பியைப் பார்த்து, லைசென்சைப் பார்த்து, மறுபடி கம்பியைப் பார்த்தார்கள். பிடிக்க ஒன்றும் கிடைக்காத கவலையோடு போனார்கள்.

நான் அங்கே போனது ஒரேயொரு ஆளுக்காக. எங்கள் தந்திக் கந்தோரில் என்னோடு வேலை செய்த நண்பன் ஒருவன் லண்டனில் இருந்தான், அவனும் லைசென்ஸ் எடுத்திருந்தான். ஞாயிறு காலை பத்தரைக்கு இருவரும் ஒரே இடத்தில் ரேடியோவைத் திருப்பி ஒருவரை ஒருவர் தேடுவோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். குறுக்கே கேட்கிறவனுக்குத் தலையும் விளங்காது, காலும் விளங்காது. நலம் விசாரிப்போம், வானிலையைத் திட்டுவோம், முடிந்தது. அதற்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அமெச்சூர் வானொலியில் மூன்றாம் ஆளுக்கு வருகிற செய்தியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடத்தக்கூடாது. பிடிபட்டால் லைசென்ஸ் போகும். சட்டத்தை மதிப்பவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி இன்னொருவனைச் சொல்ல வேண்டும். கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன். மலைநாட்டு ஊர் ஒன்றில் எங்கள் கந்தோர். என் மேசைக்கும் அவன் மேசைக்கும் இடையில் ஒரு ஆள் நடக்க இடம் இருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் காலை என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார் என்று தந்தி வந்தது. அதை எடுத்தவன் அவன். எடுத்து, எழுதி, உறையில் போட்டு, தந்தி கொண்டுபோகிற பியோனிடம் கொடுத்தான். பியோன் அதை ஊரின் மற்றக் கரையில் இருந்த என் வாடகை அறைக்குக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் செருகினான். நானோ பக்கத்து மேசையில் இருந்து அந்நியருடைய கலியாணத் தந்திகளை அடித்துக்கொண்டிருந்தேன். இடையில் அவனிடம் கார்பன் தாள் கேட்டேன். தந்தான். வேலை முடிந்து அறைக்குப் போய் உறையைக் கிழித்தபோது நாலு மணி கடந்துவிட்டது.

தந்திப் படிவத்தின் மேல் மூலையில் பெற்ற நேரம் என்று ஒரு கட்டம் இருக்கும். செய்தியை எடுத்தவன் முதலில் அந்த நேரத்தைப் போட்டுப் பக்கத்தில் தன் முதலெழுத்தை இடவேண்டும். அங்கே பத்து ஐந்து என்று இருந்தது, அவன் எழுத்தும் இருந்தது. யாழ்ப்பாணம் போகிற ஒரே பஸ் மத்தியானம் போய்விட்டது. அடுத்த நாள் பின்னேரம் நான் போய் இறங்கியபோது ஐயா சாம்பல். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான். வைத்தது என் தம்பி.

திரும்பி வந்து அவனைக் கேட்டேன். அவன் தன் சாவியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"தந்தியிலை இருக்கிறதை வாய்விடக்கூடாது எண்டு சட்டம் உமக்குத் தெரியும்தானே."

"அது எனக்கு வந்த தந்தி."

"விலாசம் உம்மடை அறைக்குத்தான் போட்டிருந்தது. கந்தோருக்கு இல்லை."

அன்று கந்தோர்ப் பெரியவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார், அவன் வேலை நிரந்தரமாகாத நேரம், அவன் பயந்துபோனான் என்றெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். நான் அதைக் காதில் போடவில்லை. ஆறு மணித்தியாலம். அவனோடு நான் பிறகு கதைக்கவே இல்லை.

உலகத்தில் எத்தனை நகரம் இருக்க, அவனும் டொரொன்டோவுக்கே வந்தான். எங்களிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் டோர்செட் பார்க் கட்டடம் ஒன்றுக்குப் புதிதாகக் குடிபோனான். என் மனைவியும் அவன் மனைவியும் கோயிலில் சந்தித்துச் சிநேகமானார்கள். பெண்களுக்கு இந்தப் பகையெல்லாம் பொருட்டில்லை. அவன் வீட்டிலிருந்து வருகிற பலகாரத்தை நான் தொடமாட்டேன். பிள்ளைகள் தின்பார்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எண்பத்தாறின் தொடக்கத்தில் என்று நினைவு. அவனுடைய தம்பி இந்தியாவுக்குப் போன படகு கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆட்கள் ஒருவரும் மிஞ்சவில்லை என்றார்கள். ஸ்காபரோவில் எங்களுடைய சனம் முழுவதும் அவன் வீட்டுக்குப் போய் வந்தது. நான் போகவில்லை. செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதைவிடப் பெரிய அடி எங்களிடம் இல்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் போகாமல் விட்டேன். மனைவி கேட்டபோது, உடம்பே வரவில்லை, பிறகென்ன செத்தவீடு என்று கேட்டேன். அவள் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு போடவில்லை.

பிறகொரு ஞாயிறு. மனைவி விடியவே எழும்பி, கரையில்லாத ஒரு மங்கல் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்கு ஒரு நாளாவது உந்தக் கம்பியை விட்டிட்டு என்னோடை வாங்கோவன்" என்றாள்.

"பத்தரைக்கு லண்டன்காரன் பாத்துக்கொண்டிருப்பான்" என்றேன்.

எங்கே என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு சொல். கேட்கவில்லை. பற்றரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அன்று மேட்டில் நிற்க முடியவில்லை. காற்று தார்ப்பாயை இரண்டு தரம் பிடுங்கியது. மேலே போன கம்பியில் ஐஸ் பிடித்து அது வாழைத்தண்டு மாதிரித் தடித்துத் தொங்கியது. ரேடியோவின் குமிழ் இறுகிப்போய், இரண்டு கையாலும் திருப்பினேன். பத்தரைக்கு ஒன்றும் இல்லை, வெறும் எண்ணெய்ச் சட்டிச் சத்தம். மடித்துக்கொண்டு போகலாம் என்று எழும்பியபோது லண்டன்காரன் காதில் விழுந்தான். வழமையான விசாரிப்பு எதுவும் இல்லை. என் அடையாள எழுத்தை மூன்று தரம் அடித்துவிட்டு நேரே தொடங்கினான். நான் பென்சிலை எடுத்தேன். கை தன்பாட்டில் தாளின் மேல் மூலைக்குப் போய் நேரத்தைப் போட்டது: 10.50. பன்னிரண்டு வருடப் பழக்கம். அதற்குப் பக்கத்தில் என் முதலெழுத்தும் இட்டது.

அவன் அடித்ததை அப்படியே எழுதினேன். பக்கத்து மேசைக்காரனின் தம்பி சாகவில்லை. வேறு படகு ஒன்று தூக்கியிருக்கிறது. ராமேஸ்வரத்துக்குக் கிட்ட ஒரு முகாமில் கால் முறிந்து கிடக்கிறான். அவனை நேரில் கண்டு கதைத்த ஆள் நேற்று லண்டன் வந்து இறங்கினார். அண்ணன்காரனுக்குப் போன் எடுத்தேன், அந்த நம்பர் இப்போது இல்லை என்கிறது, வீடு மாறிவிட்டானாம். உடனே போய்ச் சொல்லு. உடனே என்பதை இரண்டு தரம் அடித்தான். பிறகு பனிச் சத்தம் அவனை மூடிவிட்டது.

தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் மனதில் அப்போது வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம் வந்தது. தம்பிக்காரன் தப்பியதற்கு அல்ல. ஒருவழியாக அவனுடைய தந்தி என் கையில் வந்துவிட்டது என்ற சந்தோஷம். மூன்றாம் ஆளின் செய்தி, கடத்தக்கூடாது, சட்டம். அவன் எனக்குச் சொன்ன அதே சட்டம். சொல்லாமலே விடுகிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. ஆறு மணித்தியாலம் மட்டும் வைத்திருப்பேன். ஒரு நிமிடம் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நாலு ஐம்பதுக்கு அவன் கையில் கொடுப்பேன். ஒரு மாதம் அழுதவன் இன்னும் ஆறு மணித்தியாலம் அழுதால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு மணிவரை மேட்டிலேயே இருந்தேன். லண்டன் திரும்பக் கேட்கவில்லை. விரல் நுனிகள் மூன்றும் மெழுகு நிறமாகி, கிள்ளினாலும் தெரியாமல் போன பிறகு, கம்பியை அறுத்து எடுத்துக்கொண்டு காருக்கு வந்தேன். பிளாசா ஒன்றில் டோனட் கடை இருந்தது. ஒரு கோப்பியை வாங்கிக் கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்தேன். உறைந்த விரல் உருகும்போது வருகிற வலி உறையும்போது வராது. நகத்துக்குள் ஊசி ஏற்றியதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு தரம் எழும்பிக் கதவுவரை போனேன். இரண்டு தரமும் கந்தோரில் அவன் கார்பன் தாளை நீட்டிய கை கண்ணுக்குள் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடைக்காரப் பெட்டை என் மேசையைத் தேவைக்கு அதிகமாகத் துடைத்தாள். இன்னொரு கோப்பி வாங்கினேன்.

நாலு ஐம்பதுக்குப் போனபோது அவன் வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. ஞாயிறு என்றால் ஆட்கள் வருவார்கள்தான் என்று நினைத்துக்கொண்டு தட்டினேன். கதவைத் திறந்தவனை எனக்கு முதலில் மட்டுக்கட்ட முடியவில்லை. தலை மொட்டை. மீசை இல்லை. வேட்டிக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. காதும் கையும் குளிரில் சிவந்து வீங்கி, வலது கையில் துணி சுற்றியிருந்தது. அவனுக்குப் பின்னால் சின்ன மேசையில் தம்பியின் படம், மாலை, விளக்கு, முன்னால் வாழையிலையில் படையல். குசினி வாசலில் அந்த மங்கல் சேலையோடு என் மனைவி நின்றாள்.

அந்தியேட்டி, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. ஆறு மணித்தியாலத்தை நிமிடம் பிசகாமல் எண்ணிய நான், முப்பத்தொரு நாளை எண்ணவில்லை.

உடம்பு இல்லாததால் ஐயர் தருப்பையில் ஒரு உருவம் செய்து கிரியை முடித்தார் என்று பிறகு அறிந்தேன். மத்தியானம் எல்லோரும் ஏரிக்குப் போயிருக்கிறார்கள். கரை உறைந்து கிடந்ததாம். பிண்டத்தைத் தண்ணீரில் விடவேண்டும், தண்ணீரைக் காணவில்லை. அவன் குந்தியிருந்து கல்லால் ஐஸை இடித்து உடைத்திருக்கிறான், கை கிழிந்தது அதில்தான். உடைத்த ஓட்டைக்குள் உயிரோடு இருக்கிற தம்பிக்குப் பிண்டம் விட்டான். அந்த நேரம் நான் டோனட் கடையில் விரல் ஊதிக்கொண்டிருந்தேன்.

தாளை நீட்டினேன். வாங்கினான். தந்திக்காரன் எந்தத் தாளையும் மேலிருந்துதான் வாசிப்பான், அவனும் அப்படித்தான் வாசித்தான்.

"பத்து ஐம்பது" என்றான், வாய்க்குள்.

பிறகு கீழே போனான். கண் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். முடித்துவிட்டுத் திரும்பவும் மேல் மூலையைப் பார்த்தான். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஆறு மணித்தியாலம்" என்றான். "சரியாத்தான் எண்ணியிருக்கிறீர்."

அப்படியென்றால் அவனும் அந்த ஆறை மறக்கவில்லை. இத்தனை வருடமும் அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவன் தாளை நாலாக மடித்துக் கம்பளிச் சட்டைக்குள் வைத்தான். அதற்குப் பிறகுதான் உள்ளே திரும்பிச் சொன்னான்.

"தம்பி இருக்கிறான். முகாமிலை இருக்கிறானாம்."

வீடு அழுதது. அவன் மனைவி படத்திலிருந்து மாலையைப் பிய்த்தாள், விளக்குச் சரிந்தது, யாரோ ஐயருக்குப் போன் எடுத்து, உயிரோடு இருக்கிறவனுக்குக் கிரியை செய்தால் என்ன பரிகாரம் என்று கேட்டார்கள். என்னைச் சுற்றி ஆட்கள். கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்கள், என் மனைவியும் வந்து விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். இந்தக் குளிருக்குள் நின்று செய்தி எடுத்து வந்த மனிசன் என்று ஒருவருக்கு ஒருவர் சொன்னார்கள். இருத்தி வைத்து எனக்குச் சோறு போட்டார்கள். அவன் எதிர்ச் சுவரோடு நின்று நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நான் தின்றேன். வடைகூட இரண்டாவது கேட்டு வாங்கினேன், இலையைவிட்டு எழும்பப் பயந்து.

திரும்பி வரும்போது காரில் மனைவி கேட்டாள்.

"சேதி எப்ப கிடைச்சது?"

"இப்பதான். எடுத்த கையோடை வந்தனான்."

அவள் ஸ்ரியரிங்கில் இருந்த என் வலது கையைத் தொட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் மேட்டால் வந்ததும் அந்த விரல்களைச் சுடுதண்ணீரில் போட்டு உருக்கி எடுப்பவள் அவள்தான்.

"அப்ப ஏன் உங்கடை கை வந்த உடனையே சூடாயிருந்தது?"

அவள் கையை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் விரல்களை நானேதான் உருக்கிக்கொண்டேன்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தம்பிக்காரன் டொரொன்டோவுக்கு வந்துவிட்டான். ஒரு கலியாண வீட்டில் நொண்டி நொண்டி என்னைத் தேடி வந்தான். நல்ல பெடியன், கண் நிறையச் சிரிப்பு. கண்ட உடனே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, நீங்கள்தானே. அண்ணா எல்லாம் சொன்னவர். பனிக்குள்ளை நிண்டு எடுத்த சேதியோடை, ஒரு நிமிசம் நிக்காமல் நேரை வீட்டை ஓடி வந்தனீங்களாம்."

நான் அவன் தோளுக்கு மேலால் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரன் அடுத்த வரிசையில் உட்கார்ந்து, இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மயிர் பழையபடி வளர்ந்திருந்தது, அங்கங்கே நரை. நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று மடித்து வைத்த தாளை அவன் யாருக்கும் காட்டவில்லை. தம்பிக்குக்கூட. தந்தியில் இருப்பதை வாய்விடாதவன்.

"ஓம் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது.

அண்ணன்காரன் எழும்பி வந்து, நாலு பேருக்கு முன்னால் அந்தத் தாளை விரித்து, பெற்ற நேரத்தை உரக்க வாசித்து, என் முகத்தில் துப்பியிருந்தால் எங்கள் கணக்குச் சரியாகியிருக்கும். நானும் ஐயாவின் தந்தியை மறந்திருப்பேன். அவன் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கை கழுவப் போனான். அவனை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.